'ஷல்' என்றால் கட்டாயமா? ஓர் ஆங்கிலச் சொல்லின் கடன் கணக்கு

ஆளுநரும் மசோதாக்களும் பற்றிய வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு, ஆளுநர் தம் முடிவை அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆங்கில மூலத்தில் அங்கே இருக்கும் சொல் 'ஷல்'. பள்ளியில் நாம் படித்தபடி 'ஷல்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் விருப்பம். அப்படியிருக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை நாள் விசாரணை எதற்கு?

பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். சட்ட ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களில் ஒன்று 'ஷல்'. அதிகமாகக் குழப்பியதும் அதுவே. அது கட்டளையாகும், அறிவிப்பாகும், எதிர்காலம் குறிக்கும், சில நேரம் வெறும் அறிவுரையாகவும் நின்றுவிடும். எந்த இடத்தில் எது என்பதை அந்தச் சொல்லை மட்டும் உற்றுப்பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வேர்: கடன்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'ஷெயல்' என்பது போல ஒலித்தது. அதன் பொருள் 'நான் கடன்பட்டிருக்கிறேன்'. பணக்கடனுக்கும் அதுதான், செய்யக் கடமைப்பட்ட காரியத்துக்கும் அதுதான். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் 'ஸோலன்' என்றால் 'செய்ய வேண்டியிருத்தல்'. அதே குடும்பத்துச் சொல்லான 'ஷுல்ட்' என்பதற்குக் கடன், குற்றம் என்ற இரண்டு பொருளும் இன்றுவரை உண்டு.

தமிழருக்கு இது புதிதல்ல. கடன், கடமை, கடப்பாடு, கடவது எல்லாம் நம்மிடமும் ஒரே குடும்பம். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் பாடும்போது அந்தத் தாய் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. கடன் என்பது அங்கே செய்தே தீர வேண்டியது. "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்ற குறளிலும் அதே வேர்தான். 'உண்டாகக்கடவது', 'செய்யக்கடவாய்' என்று விவிலியத் தமிழில் வரும் கட்டளை நடைக்கும் இதுவே அடிப்படை. ஆங்கிலேயர் 'ஷல்' சொன்ன இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'கடவது' என்று எழுதியபோது, தெரிந்தோ தெரியாமலோ, வேருக்கு வேர் பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த வேரை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகும். கடன் என்றால் அதற்கு நான்கு பக்கம் உண்டு: யார் கொடுக்க வேண்டும், யாருக்கு, எந்தத் தேதிக்குள், கொடுக்காவிட்டால் என்ன. 'ஷல்' என்ற சொல் கடன் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மற்றதை வாக்கியத்தின் மீதிப் பகுதி சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வழக்குதான்.

பேச்சில் என்ன ஆனது

காலப்போக்கில் 'ஷல்' எதிர்காலம் காட்டவும் பயன்பட்டது. செய்யக் கடமைப்பட்டவன் நாளை செய்வான் அல்லவா, அந்த வழியாக. 'விருப்பம்' என்ற வேரிலிருந்து வந்த 'வில்' என்ற சொல்லும் எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் எல்லை பிரிக்க ஜான் வாலிஸ் என்பவர் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு விதி சொன்னார். நான், நாம் என்று தன்மையில் பேசும்போது 'ஷல்' என்றால் நடக்கப்போவதைச் சொல்வது, 'வில்' என்றால் உறுதி கூறுவது. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும்.

இலக்கண ஆசிரியர்கள் இந்த விதியை நூற்றாண்டுக் கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள். ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர் இரண்டையும் மாற்றிச் சொல்லி, 'நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று பொருள்படக் கத்தியதால் கரையில் நின்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற பழங்கதையும் அவர்கள் வகுப்பில் சொன்னதுதான். ஆனால் மக்களின் காது அந்த விதியை ஏற்கவில்லை. 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் 'கடற்கரைகளில் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம்' என்று பேசியபோது வரிக்கு வரி 'ஷல்' வந்தது. 1942 மார்ச்சில் பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறிய தளபதி மெக்ஆர்தர் 'திரும்பி வருவேன்' என்றதும் 'ஷல்' போட்டுத்தான். வாலிஸ் விதிப்படி இரண்டும் வெறும் முன்னறிவிப்பு. கேட்டவர்களுக்கோ அவை சபதம்.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஷல்' பெரும்பாலும் கேள்வியில்தான் மிஞ்சியிருக்கிறது. 'ஷல் வி கோ' என்றால் 'போகலாமா?'. தமிழில் அந்த இடத்தில் 'லாம்' வருவதைக் கவனியுங்கள். சட்டத்தில் 'லாம்' என்பது 'மே' என்ற சொல்லுக்கு உரிய இடம். பேச்சு ஆங்கிலத்தில் 'லாம்' ஆக இருப்பது, சட்ட ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் 'வேண்டும்' ஆகிவிடுகிறது.

சட்டத்துக்குள் அதன் வேலைகள்

சட்ட வாசகங்களில் 'ஷல்' செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கடமை சுமத்துதல். 'பிரதிவாதி 30 நாளில் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய வேண்டும்.' இங்கே ஆள் இருக்கிறார், செயல் இருக்கிறது. 'ஷல்' தன் வேருக்கு உண்மையாக நிற்கும் இடம் இதுதான்.

2. தடை விதித்தல். 'செய்யக் கூடாது.' இதில் குழப்பம் குறைவு. எதிர்மறையாக வரும் 'ஷல்' பொதுவாகக் கறாராகவே படிக்கப்படும்.

3. நிலையை உருவாக்குதல். அரசமைப்பின் முதல் பிரிவு, இந்தியா அதாவது பாரதம் மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்கிறது. அங்கும் 'ஷல்'தான். ஆனால் யாருக்கும் எந்த வேலையும் இடப்படவில்லை. சொன்ன கணத்தில் அது அப்படி ஆகிவிடுகிறது. 'இன்னதாகக் கருதப்படும்' என்று முடியும் வாசகங்களும் இந்த வகை.

4. நடைமுறை சொல்லுதல். 'ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும்', 'படிவத்தில் இன்னின்ன விவரம் இருக்க வேண்டும்' என்பன. கலந்தாலோசிக்கவில்லை, படிவத்தில் ஒரு கட்டம் காலி. அதனால் முழு நடவடிக்கையும் செல்லாதா? சண்டையெல்லாம் இந்த நான்காவது வகையில்தான்.

கட்டாய விதியும் வழிகாட்டு விதியும்

இந்தச் சண்டையைத் தீர்க்க நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் பாகுபாடு ஒன்று உண்டு. மீறினால் செயலே செல்லாது என்றால் அது கட்டாய விதி. மீறினாலும், நோக்கம் பெருமளவு நிறைவேறியிருந்தால் செயல் நிற்கும் என்றால் அது வழிகாட்டு விதி. 'வழிகாட்டு' என்பதால் பின்பற்ற வேண்டாம் என்று பொருளில்லை. அதிகாரி பின்பற்றத்தான் வேண்டும். பின்பற்றாததை வைத்து மற்றவர் அந்தச் செயலை முறியடிக்க முடியாது, அவ்வளவே.

இதற்கு இந்தியாவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கு. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 320-ஆவது பிரிவு சொல்கிறது. சொல் 'ஷல்'. உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவர், தம் விஷயத்தில் அது முறைப்படி நடக்கவில்லை என்றார். உச்ச நீதிமன்றம் 1957-இல் இது வழிகாட்டு விதியே என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவின் வரம்புரையே (விதிவிலக்கு சொல்லும் பகுதி) சில விஷயங்களுக்கு விலக்கு அளிக்க ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. கலந்தாலோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் எங்கும் சொல்லவில்லை. நீதிமன்றம் காட்டிய காரணங்கள் இவை. எதுவும் 'ஷல்' என்ற சொல்லுக்குள் இல்லை, சுற்றியுள்ள வாசகங்களில் இருந்தன.

1960-இல் பாபு ராம் உபாத்யா வழக்கில் நீதிமன்றம் இதைப் பொதுவிதியாகவே வகுத்தது. 'ஷல்' இருந்தால் முதல் பார்வைக்கு அது கட்டாயம். ஆனால் சட்டத்தின் நோக்கம், இப்படியும் அப்படியும் பொருள்கொண்டால் வரும் விளைவுகள், மீறலுக்குத் தண்டனை எழுதப்பட்டிருக்கிறதா என்பது, இவற்றை எல்லாம் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

மூன்று சட்டம், மூன்று கெடு

ஒரே மாதிரியான வாசகம் வெவ்வேறு இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு, நீதிமன்றப் படி ஏறிய யாரும் அறிந்த எதிருரைக் கெடுவைவிட நல்ல சான்று கிடைக்காது.

உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, அழைப்பாணை கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளில் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீட்டிக்கலாம். ஆனால் 90 நாளைத் தாண்டக் கூடாது. 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. எதிர்மறை 'ஷல்' போட்டு எழுதப்பட்டது, கறாராகத் தெரிந்தது. அந்தக் காலத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் சேலம் வழக்கறிஞர் சங்கமும் ஒன்று. 2005-இல் கைலாஷ் வழக்கிலும், அதே ஆண்டு சேலம் சங்கத்தின் வழக்கிலும் நீதிமன்றம் சொன்னது: இது வழிகாட்டு விதி, அரிதான சூழலில் 90 நாளுக்குப் பிறகும் அனுமதிக்கலாம். தாமதித்தால் பிரதிவாதியின் உரிமை போய்விடும் என்று சட்டம் சொல்லவில்லை, நடைமுறை விதி நீதிக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அதை நெரிக்கக் கூடாது என்பது காரணம்.

பத்தாண்டுக்குப் பின் வந்த வணிக நீதிமன்றச் சட்டம், 2015, வணிக வழக்குகளுக்கு அந்த விதியைத் திருத்தி 120 நாள் என்றது. கூடவே ஒரு வால் சேர்த்தது: அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையைப் பிரதிவாதி இழப்பார், நீதிமன்றம் அதைப் பதிவில் ஏற்கக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றம், இது கட்டாயம், 121-ஆவது நாள் கதவு மூடிவிடும் என்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986-இல் 30 நாளும் கூடுதலாக 15 நாளும் என்று இருந்தது. பதில் வராவிட்டால் புகார்தாரர் தரும் சான்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் இருந்தது. 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்றது.

90 நாள் வளைந்தது. 120-உம் 45-உம் வளையவில்லை. வேறுபாடு அந்த வாலில் இருக்கிறது. ஒரு வாக்கியம் எவ்வளவு கறாரானது என்று தெரிய, அதன் முதல் வினைச்சொல்லைவிட 'தவறினால்' என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தைத் தேடுவது பயனுள்ளது. அப்படி ஒரு வாக்கியமே இல்லை என்றால், அந்த இடத்தை நீதிபதி நிரப்புவார். எப்படி நிரப்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

யாருக்குப் பட்ட கடன்? காசில் ராக் வழக்கு

கடனின் இன்னொரு பக்கம், அது யாருக்குத் தரப்பட வேண்டியது என்பது. இந்தக் கேள்வி எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் ஊரில் நடந்தது காட்டுகிறது. பிரிந்து வாழ்ந்த கணவருக்கு எதிராக ஒரு தாய் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்தார். 1999 ஜூனில் ஒரு மாலை, அந்த ஆணையை மீறி அவர் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆணையை மீறியவரைக் கைது செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் 'ஷல்' போட்டு எழுதியிருந்தது. தாய் இரவு முழுக்கக் காவல்துறையைத் திரும்பத் திரும்ப அணுகினார். அவர்கள் தேடிப் போகவில்லை. விடிவதற்குள் மூன்று பிள்ளைகளும் உயிரோடு இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தாய் தோற்றார். காவல்துறை தன் விருப்புரிமைப்படி இயங்கும் நீண்ட மரபு அமெரிக்காவில் உண்டு, 'ஷல்' என்ற ஒரு சொல் அதை அகற்றிவிடாது. அகற்றினாலும், அந்தக் கடமையை நிறைவேற்றும்படி கேட்கும் உரிமை தனி ஒருவருக்குச் சொத்துபோல வந்துவிடாது. பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம் இது. குடும்ப வன்முறையில் காவலர்கள் கண்டும் காணாமல் இருந்த பழக்கத்தை ஒழிக்கவே இத்தகைய சட்டங்கள் 'ஷல்' போட்டு இயற்றப்பட்டன என்று மாறுபட்ட நீதிபதிகள் எழுதினார்கள். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. இயற்றியவர்களின் நோக்கம் அத்தனை தெளிவாக இருந்தும், 'இது அந்தப் பெண்ணுக்குப் பட்ட கடன்' என்ற ஒரு வரி எழுதப்படாமல் போனதன் விலை மிகப் பெரியது.

பொறியாளர்கள் ஒரு பக்கம், சட்ட வரைவாளர்கள் ஒரு பக்கம்

இந்தச் சொல்லை என்ன செய்வது என்பதில் இரண்டு தொழில்கள் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன.

பன்னாட்டுத் தர ஆவணங்களில் 'ஷல்' என்றால் தவறாமல் நிறைவேற்ற வேண்டிய தேவை, 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி. 'ஷல்' இருக்க வேண்டிய இடத்தில் 'மஸ்ட்' போடக் கூடாது என்றே அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்காக 1997-இல் வந்த 2119 எண் ஆவணம், 'மஸ்ட்', 'ஷல்' இரண்டும் ஒன்றே என்று முதலிலேயே வரையறுத்துவிட்டது. வரையறுத்த பிறகு பயன்படுத்துவதால் அங்கே சிக்கல் குறைவு.

சட்டம் எழுதுவோர் பலர் சொல்லையே கைவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசமைப்பில் 'ஷல்' இருந்தது. 1996-இல் வந்த நிலையான அரசமைப்பில் கடமை வரும் இடத்தில் 'மஸ்ட்' வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோதும் 'ஷல்' நீக்கப்பட்டது. நாம் 'ஷல்' நிறைந்த 1950 அரசமைப்போடும் ஆங்கிலேயர் காலச் சட்டங்களோடும் இருக்கிறோம். அவற்றை மாற்றி எழுதும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லை.

தமிழில் வரும்போது

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே தப்பிக்க வழி இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் மறைத்து வைத்ததைத் தமிழ் பிரித்துக் காட்டச் சொல்லும். கடமை என்றால் 'செய்தல் வேண்டும்'. தடை என்றால் 'கூடாது'. நிலை உருவாக்கம் என்றால் 'ஆகும்', 'கருதப்படும்'. எதிர்காலம் என்றால் 'செய்வார்'. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'வேண்டும்' போட்டால், 'இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்க வேண்டும்' என்று எழுதி, நாட்டின் அமைப்பை ஒரு விருப்பமாக்கிவிடுவோம். நம் பத்திர எழுத்தர்களின் நடையில் 'இன்னார் இன்ன தேதிக்குள் செலுத்தக் கடமைப்பட்டவர், தவறினால் வட்டியுடன் வசூலிக்கப்படும்' என்று வருவது ஆங்கிலச் சட்ட வரைவைவிடத் தெளிவானது. கடனின் பக்கங்கள் அதில் தெரிகின்றன.

200-ஆவது பிரிவில் எங்கே ஓட்டை?

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். அந்தப் பிரிவின் வாசகத்தை அடுக்கினால் இப்படி இருக்கும்.

1. மசோதா வந்ததும் ஆளுநர், ஒப்புதல் அளிக்கிறேன், அல்லது நிறுத்திவைக்கிறேன், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குகிறேன் என்று அறிவிக்க வேண்டும். 'ஷல்'.

2. 'கூடிய விரைவில்' அவர் மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். 'மே'.

3. பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. எதிர்மறை 'ஷல்'.

யார் செய்ய வேண்டும் என்பது தெளிவு. என்ன செய்ய வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெளிவு. எந்தத் தேதிக்குள் என்பது முதல் வாக்கியத்தில் இல்லவே இல்லை. தவறினால் என்ன என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் திருப்பி அனுப்பப்பட்ட 10 மசோதாக்களைப் பேரவை 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அது தவறு என்று கூறி, விடுபட்ட இரண்டு பக்கங்களையும் தானே நிரப்பியது: கால வரம்பு வகுத்தது, அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றது. குடியரசுத் தலைவர் இதுபற்றிக் கருத்துக் கேட்டபோது, 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பு எழுதாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் இயலாது என்றது. அதே நேரம், விளக்கமில்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி ஆணையிடலாம் என்றும் சொன்னது.

இரண்டு அமர்வும் 'ஷல்' என்றால் கட்டாயம் என்பதில் வேறுபடவில்லை. எழுதப்படாத தேதியையும் விளைவையும் யார் எழுதுவது என்பதில் வேறுபட்டன.

1963: 'மே' என்றால் 'ஷல்'தானே என்றார் நேரு

இந்த இரண்டு சொற்களுக்காகத் தமிழ்நாடு ஒரு முறை கொந்தளித்திருக்கிறது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து 15 ஆண்டு முடிந்ததும், 1965 ஜனவரி 26-இலிருந்து, ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக இந்தி மட்டும் என்ற நிலை வரவிருந்தது. அதற்கு முன்னேற்பாடாக 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. அதன் 3-ஆவது பிரிவு, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. 'மே'. 'லாம்' என்பதற்குள் 'வேண்டாம்' என்பதும் அடங்கும், ஆகவே 'ஷல்' என்று எழுதுங்கள் என்றது தி.மு.க. இந்த இடத்தில் 'மே' என்றால் 'ஷல்' என்றே பொருள் என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார் நேரு. இரண்டும் ஒன்று என்றால் 'ஷல்' என்றே போட்டுவிடத் தடை என்ன என்பது எதிர்க்கேள்வி. மாநிலங்களவையில் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் அண்ணா. 1964 மே மாதம் நேரு மறைந்தார். வாய்மொழி உறுதியைத் தாங்கி நின்ற ஆள் போனபின் மிஞ்சியது ஏட்டில் இருந்த 'மே'. 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின.

பிறகு வந்த 1967 திருத்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆணைகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள் போன்றவற்றில் இரு மொழியும் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற 'ஷல்' புதிதாக வந்தது. ஆனால் சண்டைக்குக் காரணமான முதல் உட்பிரிவின் 'மே' மாறவில்லை, இன்றும் அங்கே அப்படியே இருக்கிறது. காவலாக வந்தது ஐந்தாவது உட்பிரிவு: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும்வரை, இந்த ஏற்பாடு நீடிக்கும். அத்தகைய மாநிலங்களில் ஒன்று மறுத்தாலும் ஆங்கிலத்தை அகற்ற முடியாது.